வசவு நோட்டு

“இன்னொரு முறை சொல்லம்மா. எருமை என்று சொல், பார்க்கலாம்,” என்று அப்பா கெஞ்சினார். பதினாறு வயது மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சனியனே,” என்றாள்.

அப்பா கை தட்டினார். அடுப்படியில் இருந்த அம்மாவும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தட்டினாள். பிறகு அப்பா ஒரு நோட்டைத் திறந்து, தேதி, மணி, ‘சனியனே’ என்று முத்து முத்தாக எழுதினார். ‘யாரை’ என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘என்னை’ என்று போட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்பு அந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தை விழுந்திருந்தால் கூரை பிய்ந்திருக்கும். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுத்தையெல்லாம் சிவப்பு மையால் கீறித் தள்ளிவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தும் பேனாவை மூடியதில்லை. மகள் “பசிக்குது” என்றால், “பசிக்கிறது” என்று அவளைச் சொல்ல வைத்த பிறகுதான் தட்டே வரும்.

அந்த மகளின் சைக்கிள் மீது ஒரு வேன் மோதியது. தலையில் அடி, இருபது நாள் கண் திறக்காமல் கிடந்தாள். கண் திறந்த பிறகு கையும் காலும் மெல்லத் திரும்பி வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை. அப்பா என்று அவள் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அவர் நினைப்பு.

சென்ற மாதம் ஒரு நாள் அவர் மாத்திரையை நீட்டியபோதுதான் முதல் “சனியனே” வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் டீச்சர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

“சில பேருக்குத் திட்டு மட்டும் தானா வரும் சார். யோசிச்சுப் பேசுற பேச்சு வேற, இது வேற. ஆனா எது வந்தாலும் தடுக்காதீங்க. கை தட்டுங்க, எழுதி வைங்க.”

அன்றோடு வீட்டின் மானம் போனது. லாரி ஓட்டும் மாமாவை, வாய் சரியில்லை என்று ஏழு வருடமாக வாசலோடு நிறுத்தியிருந்தார் அப்பா. இப்போது அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மாமா வாராவாரம் வந்து மகள் காதுபடப் புதுச் சரக்கை இறக்கிவிட்டுப் போவார். மறுநாள் அப்பா மாத்திரைக்குத் தாமதமாக வந்தால் “தடிமாடு”. போர்வையை மாற்றிப் போர்த்தினால் “மூதேவி”.

எல்லாவற்றுக்கும் கை தட்டல் கிடைத்தது.

இன்று டீச்சர் முடிவு சொல்லும் நாள். யோசித்துப் பேசும் பேச்சு இன்னும் தலைகாட்டவில்லை என்றால், படம் ஒட்டிய பலகை ஒன்றைக் கொடுத்து, வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டப் பழக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பலகையை நினைத்து நினைத்து அப்பாவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

டீச்சர் வந்ததும் நோட்டைப் புரட்டினார்.

“எண்பத்தி மூணு ஆயிடுச்சே.”

“எண்பத்து மூன்று,” என்றார் அப்பா. அம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

டீச்சர் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் விரல் ‘யாரை’ என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

“உங்களைத் திட்டினதே இல்லையாம்மா?”

“எங்க? நான் குடுத்து வைக்கல,” என்றாள் அம்மா குறையாக.

“மாமாவை?”

“அவனையும் இல்ல.”

டீச்சர் நோட்டை மூடினார். “சார், கொஞ்சம் குடிக்கத் தண்ணி கொண்டு வாங்களேன்.”

அப்பா உள்ளே போனார். டீச்சர் மகளின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “தானா வர்ற திட்டு ஆள் பாத்து வராது கண்ணு. எத்தனை நாளா பேசுற?”

மகள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

“ஒரு... மாசமா. மொட்டை மாடில. தனியா.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அடிப்பாவி, ஏன்டி சொல்லல? உங்கப்பா தினம் செத்துச் செத்துப் பிழைக்கிறாருடி.”

“பேசினா... திருத்துவாரு. திட்டினா... கை தட்டுறாரு.”

தண்ணீர் டம்ளரோடு அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. டம்ளரில் பாதி அவர் காலில் கொட்டியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளின் முன்னால் வந்து நின்றார்.

“எருமை,” என்றார் அவளைப் பார்த்து. யாரையாவது பார்த்து அவர் தன் வாழ்நாளில் சொன்ன முதல் வசவு அது.

மகள் கை தட்டினாள்.

“நோட்டுல எழுதுங்க... அப்பா.”