தழும்புக்கு மேல ஒரு வளையம்

"வெந்நீர்த் தொட்டிக்கு வலது பக்கம், சிவப்பு வாளி. அதுதான் பொண்ணு. தாயும் மகளும் சேர்ந்துதான் வருவாங்க, கண்ணு குளிரப் பாத்துட்டு வா"ன்னு தரகு பேசுற கன்ஸா சொல்லி அனுப்பியிருந்தா.

சொன்ன இடத்துல சிவப்பு வாளி இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவளைப் பாத்ததும், மகனுக்குப் பொண்ணு பாக்க வந்த பத்தூலுக்குக் கண்ணு குளிரல, கூசுச்சு.

பொம்பளைங்க கூடிக் குளிக்கிற அந்த ஹம்மாம் முழுக்க ஆவி. அவ மூஞ்சியிலயும் தலையிலயும் களிமண்ணை அப்பியிருந்ததால மூக்கு எது வாய் எதுன்னே தெரியல. வயிறு மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. தொப்புளுக்குக் கீழ நேரா இறங்குன ஒரு தழும்பு, பூரான் ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி. அது இழுத்த இழுப்புல தொப்புளே கோணிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கோணத் தொப்புள்ல ஒரு வெள்ளி வளையம்! சோப்பு நுரை மாட்டிக்கிட்டு, அவ சிரிக்கச் சிரிக்க அது ஆடுச்சு.

பத்தூல் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. மகன் இத்ரீஸுக்கு முப்பத்தெட்டு முடிஞ்சாச்சு. இதுவரைக்கும் பதினோரு இடம் தட்டிப் போச்சு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா மையையும் பவுடரையும் பூசிக் காட்டி ஏமாத்துறாங்க, ஹம்மாம்ல எவளும் எதையும் மறைக்க முடியாதுன்னுதான் முழங்கால் வலியோட நொண்டிக்கிட்டே வந்தா. வந்த இடத்துல இந்தக் கண்றாவி.

"பெரியம்மா, முதுகு எட்டலையா? குடுங்க, நான் தேய்ச்சு விடுறேன்."

பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு. இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும். பத்தூல் கையில இருந்த சொரசொரப்புக் கையுறையை வாங்கி மாட்டிக்கிட்டா. எட்டி அந்தச் சிவப்பு வாளியில ஒரு குவளை வெந்நீர் மொண்டு முதுகுல ஊத்திட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா.

"உன் கைக்கு அல்லா பரக்கத் குடுக்கட்டும் மகளே. நாலு மாசத்து அழுக்கு."

"அழுக்கெல்லாம் இல்ல பெரியம்மா. முழங்கால் வீங்கியிருக்கே, அதுக்கும் கொஞ்சம் வெந்நீர் ஊத்தவா?"

பத்தூலுக்கு மனசு இளகிப் போச்சு. அதுக்குள்ள அந்தப் பக்கம் பேச்சு காதுல விழுந்துச்சு. தேய்ச்சு விடுற வேலைக்காரி தாவியா அந்த வளையக்காரியோட வாயாடிக்கிட்டு இருந்தா.

"ஏம்மா, வெட்டுக் காயத்துலயா ஓட்டை போட்டே?"

"தழும்புல போடல தாவியா. வளையம் குத்துற ரெண்டு கடையில இந்த வயித்துல கையே வைக்க மாட்டோம்னுட்டாங்க. மூணாவது கடையில ஒரு பொண்ணு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, மேல் பக்கம் தோல் நல்லாருக்குன்னு குத்துனா."

"ஆறுச்சா?"

"எங்க! மொத ரெண்டு மாசம் சீழு. உப்புத் தண்ணியால கழுவிக் கழுவி, முழுசா ஆற எட்டு மாசம்."

"இந்த வேதனை உனக்கு எதுக்கு?"

"கண்ணாடி முன்னாடி நின்னா மொதல்ல தழும்புதான் தெரியும். இப்ப வளையம் தெரியுது. அது போதும் எனக்கு."

சீழுன்னு கேட்டதுமே பத்தூல் பக்கவாட்டுல சாஞ்சு த்தூன்னு துப்புனா.

"என்னாச்சு பெரியம்மா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி வேணாம்டி. அதோ அந்த வளையக்காரி இருக்காளே, அவளைத்தான் என் மகனுக்குப் பாக்க வந்தேன்."

தேய்ச்சுக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுச்சு.

"அவங்களையா?"

"அவளேதான். தாயோட வருவான்னாங்க. தாய்க்காரியைக் காணோம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவா? அந்த வெட்டைப் பாத்தியா நீ? குடல்வால் வெட்டுன்னா ஓரமா இருக்கும். இது நட்டநடுவுல இருக்கு. என் தங்கச்சி வயித்துலயும் இதே கோடுதான். வயித்தைக் கிழிச்சுப் புள்ளை எடுத்த கோடு! கல்யாணமே ஆகாத பொண்ணுன்னு சொல்லி என் மகன் தலையில கட்டப் பாத்திருக்காங்க."

"மெதுவாப் பேசுங்க பெரியம்மா..."

"ஏன் மெதுவாப் பேசணும்? நாலு பேர் கேக்கட்டும்! அந்த அசிங்கத்தை மூடி வைக்காம அதுக்கு நகை வேற போட்டிருக்கா. பாத்ததுல இருந்து எனக்கு ஓங்கரிக்குது." பத்தூல் அந்தப் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டா. "உன்னைப் பாரு, யாருன்னே தெரியாத கிழவிக்கு முதுகு தேய்ச்சு விடுறே. இப்படி ஒருத்தி என் வீட்டுக்கு வரமாட்டாளான்னுதான் நான் அஞ்சு வேளையும் கையேந்துறேன். நீ ம்னு ஒரு வார்த்தை சொல்லு, சாயங்காலமே சர்க்கரைக் கூம்பும் பேரீச்சம்பழமுமா பொண்ணு கேட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

அந்தப் பொண்ணு கையை மெல்ல உருவிக்கிட்டா. பத்தூல் முதுகுல மிச்சமிருந்த சோப்பை ஒரு பொட்டு விடாம கழுவி விட்டா. கையுறையைப் பிழிஞ்சு அவ மடியில வெச்சா.

"நீங்க சொன்னது சரிதான் பெரியம்மா. அது புள்ளை எடுத்த தழும்புதான்."

"பாத்தியா! நான் சொல்லல? பெத்த புள்ளையை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்காளோ, சண்டாளி!"

"ஒளிச்சு வைக்கல பெரியம்மா. இவ்வளவு நேரம் உங்க முதுகைத் தேய்ச்சதே அந்தப் புள்ளைதான்."