உறங்கத் தெரிந்த கணினி

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 21ஆம் நாள், புதன்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. வெப்பம் முப்பத்தாறு பாகை. காற்று அறவே இல்லை.

நண்பகல் பன்னிரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடத்திற்கு, என் மகள் ரம்யாவின் கணினி இரண்டாம் முறையாக உறைந்து நின்றது.

அவள் அதை அணைத்து மீண்டும் இயக்கினாள். இயங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் மட்டும் அதன் விசிறி முழு வேகத்தில் சீறும். அந்தச் சீற்றத்தில்தான் நான் விழித்தேன்.

கவரைப்பேட்டையில் உள்ள எங்கள் வீடு ஒற்றை அறை கொண்டது. என் கட்டிலுக்கும் கணினி மேசைக்கும் இடையே இரண்டு முழத் தொலைவே உண்டு. நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலை ஒன்றில் இரவுப் பணி முடித்து, காலை எட்டு மணிக்கு வந்து படுத்தவன். கண்களைத் திறக்காமல் கிடந்தேன்.

சென்னையிலுள்ள வடிவமைப்பு நிறுவனம் ஒன்று அன்று ரம்யாவுக்குத் தேர்வு வைத்திருந்தது. தண்ணீர் மோட்டார் ஒன்றின் உறுப்புகள் அனைத்தையும் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து, ஒன்றரை மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால், பட்டயப் படிப்பு முடித்த பின்னும் இரண்டாண்டுகளாக அவள் செய்துவரும் வேலையே நிலைத்துவிடும். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது அவ்வேலை.

பக்கத்து வீட்டு பரத் அவளருகில் நின்றிருந்தான். கணினி பழுது பார்க்கும் கடையில் பணிபுரிபவன்; சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தான். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"பவர் சேவிங்க தூக்கிட்டு ஓட்டு ரம்யா. ஓவர்க்ளாக் பண்ணிட்டு எவனாவது அத்த ஆன்ல வெச்சிக்கினு இருப்பானா? தூங்கறவன எழுப்பி ஓடுன்னா தடுக்கித்தான் வுழுவான்."

"அது இருக்கட்டும்."

"இன்னா இருக்கட்டும்? இன்னொருவாட்டி நின்னா டைம் கெடையாது. மறுபடியும் டேப் ஒட்டப் போறியா?"

அவள் ஒரு விசையைத் தட்டினாள்.

பரத் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றியது. எழுந்து அவளைக் கடிந்துகொள்ளலாமா என்றும் நினைத்தேன்.

அக்கணினியைக் குறித்து நான் ஓரளவு அறிவேன். ஆக்கியோர் விதித்த வேகத்தையும் கடந்து அதை ஓட்டுவதற்கு ஓவர்க்ளாக் என்று பெயர். ஒருநாள் ரம்யா திரையின் மூலையில் ஓர் எண்ணைக் காட்டினாள். அவள் ஒரு படத்தைச் சுழற்றியதும் அது ஏறியது: நொடிக்கு நானூற்று எழுபது கோடித் துடிப்பு. கையை எடுத்ததும் எண்பது கோடிக்கு இறங்கியது. விசிறியின் இரைச்சலும் கூடவே இறங்கியது. பரத் சொன்ன பவர் சேவிங் இந்த இறக்கம்தான்.

"வேல இல்லாதப்போ தூங்கிக்கும் நைனா" என்றாள்.

எங்கள் ஆலையின் உருளைகள், கம்பி வந்தாலும் வராவிட்டாலும் ஒரே வேகத்தில் சுழல்பவை. அவற்றின் முன் நிற்கும் மனிதனும் அவ்வாறே நிற்க வேண்டும். ஒரு விசையைத் தட்டிய விரல் அடுத்த விசைக்குச் செல்வதற்குள் உறங்கி எழும் ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒருநாள், பகலில் சரியாக உறங்காமல் பணிக்குச் சென்றேன். உருளையின் முன் ஒரு கணம் கண் அயர்ந்தேன். செந்தணலாக வந்த கம்பி என் இடது கெண்டைக்காலைத் தீண்டிச் சென்றது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தேன்.

வீடு திரும்பியதும், பகலில் உறங்கியே தீருவது என்று உறுதி பூண்டேன். அன்று முதல் நன்றாக உறங்குகிறேன். "மில்லு சத்தத்துல பழுத்த காது, எதுக்கும் முழிக்காது" என்று உடன் பணிபுரிவோரிடம் பெருமையும் பேசியிருக்கிறேன்.

அந்த நண்பகலில், இருமுறை தடுமாறியதால், கணினி தன் வேக அமைப்புகளைத் தானே களைந்துவிட்டிருந்தது. முன்பு சேமித்து வைத்தவற்றுள் ஒன்றை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கண்களைச் சற்றே திறந்து பார்த்தேன். கருந்திரையில் மூன்று பெயர்கள் தோன்றின.

பரத் முதலாவதைச் சுட்டினான்.

"அதோ, ஃபாஸ்ட். சேவிங்கே இல்லாதது. அத்தப் போடு."

ரம்யா மூன்றாவது பெயருக்கு இறங்கினாள்.

அந்தப் பெயரை நான் உற்றுப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளை நாற்பத்தாறாம் வயதில் கற்றவன் நான். ஒவ்வொன்றாகக் கூட்டியே படிப்பேன்.

என், ஏ, ஐ, என், ஏ.

ஓர் இடைவெளி.

எஸ், எல், ஈ, ஈ, பி. கூட்டிப் பார்த்தேன்: நைனா ஸ்லீப்.

அதற்கு நேரே ஒரு தேதி இருந்தது. நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதற்கு மறுநாள்.

பரத்தும் அதைப் படித்திருக்க வேண்டும். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

"வோல்டேஜ ஒரு படி ஏத்து" என்றான், முன்னிலும் தாழ்ந்த குரலில். "எழுந்துக்கறப்போ கால் நிக்கும்."

நான் கண்களை மூடிக்கொண்டேன்.

விசிறி சீறியது, அடங்கியது. அவள் விசைகளைத் தட்டினாள், இரைச்சல் எழுந்தது. சிந்திப்பதற்காக நிறுத்தினாள், தணிந்தது. ஒவ்வொரு முறை அது தணிந்தபோதும், மீண்டும் எழுமோ எழாதோ என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்தது. எண்பது கோடியிலிருந்து நானூற்று எழுபது கோடிக்குத் தாவிய அந்தப் பேராற்றல், அடுத்த கணமே, இரண்டு முழத் தொலைவில் படுத்திருந்த ஒருவனுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"போய்ட்ச்சி" என்றாள் ரம்யா.

"மெயில் வந்துச்சா, வாங்கிக்கினோம்னு?"

"வந்துட்ச்சி."

"ஒங்க நைனாவ எழுப்பிச் சொல்லு."

"வாணாம், தூங்குது."

விசிறி முற்றிலும் ஓய்ந்தது. ஒன்பது மாதங்களில் முதன்முறையாக, அந்த அமைதியில் நான் உறங்காமல் கிடந்தேன். அப்போது பிற்பகல் மணி ஒன்று பதினேழு.