மூழ்காளர் உள்ளே இருக்கும்வரை

ஓமானின் வெயிலை மின்சாரமாக்கிக் கடலடி வழியே தூத்துக்குடிக்குக் கொண்டுவரும் மின்வடத்தில் சிறு பழுது. மூழ்காளர் ரெஜினா படகில் ஆயத்தமானபோது, மின்வட அதிகாரி கதிர்வேல்சாமி அழைத்தார்.

"இன்னிக்கு எம் மக ரிசப்ஷன்மா. நீ இறங்குனா, திரும்ப மேல வர்ற வரைக்கும் ஊருக்கே கரண்டு கிடையாது. நாளைக்கு இறங்கேன்."

"அன்னைக்கு எங்கண்ணன் உள்ள இருக்கையில, மந்திரி பேசுறாருன்னு நீங்க கரண்ட நிறுத்தலியே சார்? பொணமாத்தான மேல வந்தான்."

"அதனாலதானம்மா இப்பச் சட்டமே வந்துச்சு!"

"அதான் சார், சட்டப்படி இறங்குறேன்."

அவள் குதித்தாள். கல்யாண மண்டபம் உட்பட ஊரே இருண்டது. பழுதைப் பத்து நிமிடங்களில் சரிசெய்துவிட்டு, ரெஜினா கடலடி மணலில் சம்மணமிட்டு அமர்ந்தாள். சிலிண்டரில் இன்னும் நான்கு மணி நேரக் காற்று இருந்தது.