உப்பில்லாச் சோறு

"நிக்கறப்பவே தூங்குதுங்க. பின்னங்காலு ரெண்டும் பின்னுதுங்க. குடம் குடமாத் தண்ணி குடிக்குதுங்க, டாக்டருங்க."

கண்ணுசாமி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். திருச்செங்கோட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராசப்பன் காலையிலிருந்து இப்படிப் பல கதைகளைக் கேட்டு அலுத்திருந்தார். சீக்கு வந்த மாட்டையோ நாயையோ அவ்வளவு தூரம் இழுத்துவர முடியாதவர்கள் தாங்கள் மட்டும் வந்து, வாயால் சொல்லி மருந்து வாங்கிப் போவதுதான் அங்கே வழக்கம். கண்ணுசாமியின் நாயையும் டாக்டர் கண்ணால் கண்டதில்லை. அதற்கு வலிப்பு நோய். ஆறேழு மாதமாகப் புரோமைடு பொடி கொடுத்து வருகிறார்.

"வலிப்பு வருதா இப்ப?"

"அது நின்னு போச்சுங்க, உங்க புண்ணியம்."

"அப்புறம் என்னப்பா? வலிப்பும் வரக்கூடாது, தூக்கமும் வரக்கூடாதுன்னா நான் எங்கே போறது? அந்த மருந்தோட குணமே அதுதான்."

"இத்தன நாளு இப்பிடி இல்லீங்களே! ஒரு மாசமாத்தானுங்க இந்தக் கூத்து."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்தின் அளவை அவர் மாற்றவில்லை. "தீனி ஏதாவது மாத்தினியா?"

கண்ணுசாமி மேலே கிடந்த துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதே சோறுதானுங்க. உப்பு மட்டும் போடறதில்லீங்க."

"ஏன்?"

"வேண்டுதலுங்க. நோவு தீர்ற வரைக்கும் உப்புச் சேக்கறதில்லீன்னு என்ற சம்சாரம் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டா."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட கடவுளே! நாய்க்கு விரதமா? நல்லா வேண்டினா போ! உப்பைக் குறைச்சா இந்த மருந்து உடம்பை விட்டு வெளியே போகாதுப்பா, உள்ளேயே தங்கிப் போகும். ஒரு பங்கு குடுத்தா மூணு பங்கு வேலை செய்யும். தூங்காம என்ன பண்ணும்?"

"அப்ப மருந்த நிறுத்திப்போடட்டுங்களா?"

"ஐயோ, அதைச் செஞ்சு தொலைக்காதே! திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்னைவிட மோசமா வரும். மருந்தைக் கொஞ்சம் குறைச்சு, ராத்திரிச் சோத்தோட குடு. உப்பைப் பழையபடி சேரு. உப்பை ஒரு நாள் கூட்டி, ஒரு நாள் குறைச்சுன்னு வச்சுக்காதே. உள்ளே தங்கினது இறங்கக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் கட்டிப்போடு."

கண்ணுசாமியின் முகம் செத்துப்போயிற்று. "கட்டிப்போட முடியாதுங்க. வேலைக்குப் போயாகோணுமுங்க."

"நாய்க்கு என்னப்பா வேலை?"

"மொதலாளியோட பஞ்சுக் கிடங்குக் காவலுங்க. சீக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெரட்டிப்போட்டு வேற ஒண்ணக் கொண்டாந்துருவாருங்க. எங்க ஊட்டுல அடுப்பெரியறதே அந்தப் பொழப்புலதானுங்க." பேசும்போதே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டருக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு நாய்க்காக ஒரு ஆம்பிளை இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

"சரி சரி, கண்ணைத் துடை. வேலைக்கே கூட்டிக்கிட்டுப் போ. காவல் நாய்தானே? தூங்கினா ரெண்டு மூட்டைப் பஞ்சு களவு போகும். யார் உசிரு போகப்போகுது?"

"நெசமாலுங்களா? தப்பில்லீங்களே?"

"தப்பில்லைன்னு நான் சொல்றேன், போ."

கண்ணுசாமி பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, படியில் கொஞ்சம் தடுமாறி இறங்கிப் போனார்.

மத்தியானம் டாக்டர் மல்லசமுத்திரம் போகவேண்டியிருந்தது. அங்கே மாடுகளுக்குக் கோமாரி. எப்போதும் சைக்கிளில்தான் போவார். சண்டைக்காலத்தில் டயர் எங்கே கிடைக்கிறது? சைக்கிள் படுத்துவிட்டதால், முதல் தடவையாகச் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும், சேலம் போகிற கரி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் மரியாதையாக முன்னால், டிரைவருக்குப் பக்கத்து இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். டாக்டர் பேப்பரை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டிரைவர் ஏறி உட்கார்ந்ததையோ வண்டி புறப்பட்டதையோ அவர் கவனிக்கவில்லை.

ஏரிக்கரை மேல் போகும்போது பஸ் தண்ணீர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போயிற்று.

"அண்ணே! முளிச்சுக்கங்கண்ணே! ரோட்டப் பாருங்க!" என்று கண்டக்டர் அலறினார்.

டாக்டர் பதறிப்போய்ப் பேப்பரை இறக்கினார். பக்கத்தில், காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சொருகிய கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்துகொண்டிருந்தார் கண்ணுசாமி.

"எங்கூட்டுல நாயே இல்லீங்க, சாமி! மனுச டாக்டருகிட்டப் போனா மொதலாளி காதுக்குப் போயிருமுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க!" என்றவர், ஓடுகிற பஸ்ஸின் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அவரைக் கும்பிட்டார்.