வரிசை மாறிய டேப்

"ஏழாவது டேப்தானே இப்ப ஓடணும்? முப்பத்தொண்ணை எதுக்கு மாட்டினீங்க?"

கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் வாசலிலேயே நின்று கேட்டார். டேப் ரூம் மேடம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் விடிகாலையில் படுத்துவிட்டது. நோயாளிகளின் பழைய விவரம் அத்தனையும் நாற்பது டேப்பில் நகலாக இருந்தது. வார்டுகள் கேட்கக் கேட்க எடுத்தால், டேப்பை மாற்றி மாற்றி மாட்டி, முன்னும் பின்னும் சுற்றியே இரண்டு நாள் போய்விடும்.

மேடம்தான் எது எந்த டேப்பில், எந்த இடத்தில் என்று பார்த்து வரிசை போட்டு, காலையிலேயே சொல்லியிருந்தார்.

"இப்படியே ஓடினா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் சார். ஆனா யாருக்காகவும் நடுவுல நிறுத்தக் கூடாது."

தலைமை டாக்டரின் மாமியார் ஃபைலையே முன்னால் எடுக்க மாட்டேன் என்றவர். இப்போது அவரே நிறுத்தியிருக்கிறார்.

"யாரோட ஃபைல் அது?"

மேடம் அந்த ஃபைல் இருக்கும் இடத்துக்கு டேப்பைச் சுற்றவிட்டார்.

"சொந்தமா?"

"அப்படியே வச்சுக்குங்க சார். திட்டறதை அப்புறம் திட்டுங்க. இருபது நிமிஷம் குடுங்க."

"மேல முந்நூறு பேர் காத்திருக்காங்க. ஊருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

மேடம் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஃபைல் வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழுந்து, ஏழாவது டேப்பைத் திரும்ப மாட்டினார்.

மேனேஜர் தன் அறைக்குப் போய்ப் புகார் எழுத உட்கார்ந்தார். 'வேண்டியவர் ஒருவருக்காக' என்று எழுதியதும் பேனா நின்றது. என்ன உறவு என்று குறிப்பிட வேண்டாமா? வார்டுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், இப்ப ஒரு பழைய ஃபைல் வந்துச்சே, அந்தப் பேஷண்ட் எங்க டேப் ரூம் மேடத்துக்கு என்ன முறை?"

"முறையா? ரோட்ல மயங்கிக் கிடந்தவர் சார். இன்னும் பேச்சு வரல. பையில நம்ம ஆஸ்பத்திரி அட்டை மட்டும்தான் இருந்துச்சு. போட இருந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாதுன்னு ஃபைலைப் பார்த்துதான் தெரிஞ்சுது."

சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"மத்தவங்களுக்கு எது ஒத்துக்காதுன்னு சொல்ல வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க. இவருக்குச் சொல்ல யாருமே இல்லையேன்னு மேடம்கிட்ட புலம்பினேன். 'நான் இருக்கேன், போனை வைங்க'ன்னாங்க."