இரண்டில் நின்ற லிஃப்ட்

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

அதோடு நின்றிருந்தால் பேச்சே இல்லை. லிஃப்ட் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு எண் மறுபடியும் ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று, பிறகு அசையவில்லை.

ஐந்தாம் மாடி வீட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சற்றுமுன்தான் கணவர் அந்த லிஃப்டில் ஏறிப் போயிருந்தார்.

இத்தனை நாள் அது இரண்டில் நிற்பதை மட்டும்தான் பார்த்திருந்தாள். இன்றுதான் போகிற வழியையும் சேர்த்துப் பார்த்தாள். கீழே வரை போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்ப மேலே இரண்டாம் மாடிக்கு. மனிதருக்கு என்ன சாமர்த்தியம்!

இரண்டாம் மாடியில் புதிதாக ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறாள். தனியாக இருக்கிறாள். கணவருக்கோ வாயில் ஒரு சொத்தைப் பல் கிடையாது.

தினமும் நடந்துவிட்டு வருகிற மனிதரின் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை, செருப்பில் தூசி இல்லை. இதெல்லாம் அவள் கண்ணில் படாமல் போகுமா? வாசலில் செக்யூரிட்டி வணக்கம் சொன்னால்கூட இன்றைக்கு எதற்குச் சொல்கிறான் என்று யோசிக்கிறவள். 'துப்பறியும் சிங்கம்' என்று நாத்தனார் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தாள்.

அவர் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு, சும்மா இருப்பானேன் என்று ஆன்லைனில் சி புரோகிராமிங் படிக்க ஆரம்பித்திருந்தாள். இன்றைய வீட்டுப்பாடம் ஓர் எண்ணின் தனி மதிப்பைக் கண்டுபிடிப்பது. மைனஸ் இருந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். காலையிலேயே எழுதி முடித்துவிட்டாள்.

if (n < 0) n = -n;

சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. மனம் எங்கே இருந்ததோ விரலும் அங்கேயே போயிற்று. இரண்டு என்று தட்டினாள். இரண்டு என்று வந்தது.

மைனஸ் இரண்டு என்று தட்டினாள். அதற்கும் இரண்டு என்றே வந்தது.

எந்த இரண்டு என்று கம்ப்யூட்டர் மூச்சுவிடவில்லை. அவள் திரையை முறைத்தாள். இதே கள்ள முழியைச் சற்றுமுன் வேறு எங்கோ பார்த்த ஞாபகம்.

சட்டென்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். லிஃப்டுக்கு மேலே போன மாதம்தான் புதிதாக மாட்டிய அந்தக் குட்டிப் பலகை. ஓர் எண்ணுக்கு மட்டும்தான் அதில் இடம், மைனஸ் போட இடமே இல்லை. அதற்குள்ளும் எவனோ இதே வரியைத்தான் எழுதிவைத்திருக்கிறான்.

கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்த இரண்டு தளங்கள் இருந்தன. கணவர் காரை வாசலுக்கே கொண்டுவந்து ஏற்றிக்கொள்வதால் அவள் அங்கே போனதே இல்லை. லிஃப்ட் மேலே திரும்பி வரவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி இன்னும் கீழே போயிருக்கிறது.

அப்பாடா என்று இருந்தது. தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று தோன்றியது. பல் டாக்டரிடமும் கார் இருக்கிறது.

லிஃப்டை வரவழைத்து ஏறி, மைனஸ் இரண்டு பொத்தானை அழுத்தினாள்.

கீழே தூண்களும் இருட்டுமாக இருந்தது. செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து, அவர்களுடைய காருக்குப் பக்கத்துத் தூணில் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

டிரைவர் சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு கணவர் கிடந்தார். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. போன்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பழைய பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் பாடினார். வீட்டில் அவர் பாடிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பாடினால், யாரை நினைத்துக்கொண்டு இந்தப் பாட்டு என்று அவள் கேட்பாள்.

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

பாட்டு நின்றது. கால் கீழே இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு அவசரமாக வெளியே வந்தார். அவள் கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொன்னார்.

"சும்மாதாம்மா உக்காந்திருந்தேன். யாரும் இல்ல, வேணும்னா பின் சீட்டையும் பாத்துக்கோ."

சொல்லிக்கொண்டே பின்கதவையும் திறந்துவிட்டார்.

அவள் தன்னையறியாமல் குனிந்து பார்த்தாள்.

உள்ளே யாரும் இல்லை. பல் டாக்டர் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.