டீசலுக்குப் பதில்

"சட்டையில வடை வாசம் தூக்குதே, யாரு சுட்டுக் குடுத்தா?"

துவைக்க எடுத்த சட்டையை விஜயராணி மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். ஒரு மாதமாக இதே வாசம். அவள் கணவன் ஆரோக்கியராஜ், அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கம்பெனி கேட்டுக்கு எதிரே சுப்புலட்சுமி என்று ஒருத்தி வடைக்கடை வைத்திருக்கிறாள். கணவனுக்குச் சோறு கொண்டுபோனபோது விஜயராணி அவளை ஒருமுறை பார்த்திருக்கிறாள். சிரித்த முகம், சிறுத்த இடுப்பு. இரண்டையும் நினைத்தாலே இவளுக்கு வயிறு எரியும்.

"அது ஜெனரேட்டர் புகை புள்ள" என்றான் ஆரோக்கியராஜ்.

"புகையில உளுந்து வாசமாக்கும்? எந்தக் கேணச்சிகிட்ட கதை விடுதீக?"

"ஓட்டல்ல வடை, பஜ்ஜி போட்டு மிஞ்சின எண்ணெயை வாங்கி, மருந்து கலந்து, டீசலுக்குப் பதிலா ஊத்துதோம். பயோடீசல்னு பேரு. எரியும்போது அந்த வாசம்தான் வரும். தினமும் பாதி நாள் கரண்டு இல்ல. டீசல் ஊத்தி முதலாளிக்குக் கட்டுபடியாவுமா? பூமிக்குள்ள இருக்க எண்ணெய் ஒருநா வத்திரும். நம்ம சனம் வடை திங்கிறத நிறுத்துமா, சொல்லு."

"அப்ப அந்தச் சுப்புலட்சுமி?"

"அவகிட்டயும் பழைய எண்ணெய் வாங்கப் போவேன். அம்புட்டுதான். மாதா சத்தியமா."

மாதா பெயரைச் சொன்னதும் அடங்கினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய் நின்றுவிட்டாள்.

"ஆபரேட்டர் அண்ணன் ஊட்டுக்காரம்மாங்களா? உக்காருங்கக்கா" என்று சுப்புலட்சுமி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "அண்ணன் பழைய எண்ணெய்க்குத்தானுங்க வருவாரு. எங்க கடை எண்ணெயில ஒரு கம்பெனியே ஓடுதுன்னா எனக்கும் பெருமைதானுங்களே."

சூடாக இரண்டு வடையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை.

விஜயராணி கூனிக் குறுகிப்போனாள். இப்படிப்பட்டவளைப் போய் மனசுக்குள் என்னென்ன பேச்சுப் பேசிவிட்டோம்.

சந்தேகம் போனது. பொறாமை போகவில்லை. தன் புருஷன் வேலைக்கு எவளோ ஒருத்தி கடை எண்ணெய் உதவும், கட்டியவள் வீட்டு எண்ணெய் உதவாதா?

அன்று முதல் தான் குடியிருந்த லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அப்பளம் பொரித்தது, மீன் வறுத்தது, பூரி சுட்டது என்று மிச்ச எண்ணெயையெல்லாம் கேட்டு வாங்கினாள். "கம்பெனிய ஓட்டப் போறியா?" என்று கேலி செய்தார்கள். "ஓட்டுதது எங்க வீட்டுக்காரரு" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். பத்து நாளில் ஐந்து லிட்டர் கேன் நிரம்பியது. வெள்ளைத் துணியில் இரண்டுமுறை வடிகட்டினாள்.

புருஷனிடம் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை பகலில் கேனைத் தூக்கிக்கொண்டு, வடைக்கடையைத் தலைநிமிர்ந்து தாண்டிப் போனாள். உன் எண்ணெயைவிட என் எண்ணெய் சுத்தம் என்று சொல்லாத குறை.

கேட்டில் செக்யூரிட்டி செங்கோட்டையன் மறித்தார். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"கேன்ல என்னங்க அம்மணி?"

"பழைய எண்ணெய்ங்க. உங்க ஜெனரேட்டருக்கு."

"அட, அதைய நிறுத்தி ஆறு மாசமாச்சுங்க. மொதல்ல ஓட்டல் ஓட்டலாப் போயி வாங்குனோம். பொறகு அல்லாக் கம்பெனியும் அதுக்கே அலையவும், ஒரு ஷிப்டுக்குக் கூட எண்ணெய் சிக்கலீங்க. இப்ப வெறும் டீசல்தானுங்க."

விஜயராணிக்குக் கேன் கனத்தது. "எதுத்தாப்புல வடைக்கடையில வாங்குறதாச் சொன்னாகளே?"

"அந்தப் புள்ள கடை போட்டே ரெண்டு மாசந்தானுங்களே" என்றார் செங்கோட்டையன். "நம்ம ஆபரேட்டர் ஆரோக்கியராஜுதான் முன்னால நின்னு வெச்சுக் குடுத்தாரு."